பனரேயாக் கடலடி வாயுவும் எங்கள் இரசாயனகூடமும்

யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடை நிலவிய தொண்ணூறுகளின் தொடக்கத்தில் உயர்தரம் படித்த எமக்கு, கல்லூரி ஆய்வுகூடத்தில் அமிலம் துளித்துளியாகவே கிடைத்தது. அப்படியிருந்தும் எங்கள் இரசாயனவியல் ஆசிரியர், காங்கேசன்துறைச் சுண்ணாம்புக்கல் ஒன்றின்மீது ஐதரோகுளோரிக் அமிலத்தை விட்டு, நுரைத்தெழுந்த காபனீரொட்சைட்டைக் காட்டி, இந்தக் காபன் ஒருகாலத்தில் கடலில் இருந்தது என்றார். ஒரே மூலகத்தின் திணிவு வேறுபட்ட அணுக்களான சமதானிகளின் இரசாயன இயல்புகள் ஒத்தவை என்று பாடநூல் சொன்னதற்கு, தாக்கத்தில் பாரமான சமதானி சற்றுத் தாமதிக்கும் என்று ஒரு திருத்தமும் சேர்த்தார்.

அந்தச் சிறு தாமதமே, பின்னாளில் இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள பலேர்மோவில் வாயு ஆய்வுகூடமொன்றில் நான் செய்த தொழிலுக்கு அடிப்படையாயிற்று. இயற்கையிலுள்ள காபனில் ஏறத்தாழ 1.1 சதவீதம் காபன்-13. எஞ்சியது அநேகமாக முழுவதும் காபன்-12. இரண்டும் சிதையாதவை. ஆனால் நுண்ணுயிர்கள் மெதேனை ஆக்கும்போது இலேசான காபனையே முந்தி எடுக்கின்றன. ஆகவே நியமச் சுண்ணாம்புக்கல்லோடு ஒப்பிட்டு, காபன்-12 இற்குக் காபன்-13 இன் விகிதம் ஆயிரத்துக்கு எவ்வளவு கூடுதல், எவ்வளவு குறைவு என்று அளந்தால், கடற்சேற்று நுண்ணுயிர்கள் தரும் மெதேன் பெரும்பாலும் −60 இற்கும் கீழே நிற்கும். ஆழத்தில் உயிரின எச்சமான சேதனப் பொருள் வெப்பத்தால் சிதைந்து உண்டான மெதேன் பெரும்பாலும் −50 இற்கும் −25 இற்கும் இடையில் வரும். கடற் சுண்ணாம்புக்கல் பூச்சியத்தை ஒட்டியும், புவியோட்டுக்குக் கீழேயுள்ள மென்மூடியிலிருந்து வரும் காபனீரொட்சைட்டு −8 முதல் −4 வரையிலும் இருக்கும்.

2002 நவம்பர் 3 ஆம் திகதி, சிசிலிக்கு வடக்கேயுள்ள ஏயோலியத் தீவுகளில் ஒன்றான பனரேயாவுக்குக் கிழக்கே, சிறு பாறைத்தீவுகளுக்கு நடுவே, 30 மீற்றருக்கும் குறைந்த ஆழத்திலிருந்து பெருந்தொகை வாயு பீறிட்டு, கடல் கொதிப்பதுபோல் வெண்மையாய்க் குமுறியது. அதில் ஏறத்தாழ 98 சதவீதம் காபனீரொட்சைட்டு. கீழே உருகிய பாறைக்குழம்பான மக்மாவிலிருந்து புதிதாக வாயு ஏறுகிறதா, பழைய வெப்பநீர்த் தேக்கம் ஒன்று மட்டும் உடைந்ததா என்பதே எல்லோருடைய கேள்வியுமாக இருந்தது. காபன் தனித்து நின்று இதற்கு விடை தராது. சுண்ணாம்புக்கல்லின் பூச்சியமும் சேதனப் படிவின் −25 உம் தக்க அளவில் கலந்தால், மென்மூடிக்குரிய −5 அப்படியே கிடைத்துவிடும்.

இங்கேதான் ஈலியம் துணைக்கு வருகிறது. புவியின் உள்ளேயிருந்து வரும் ஈலியம்-3 பெரும்பாலும் புவி உருவானபோதே அகப்பட்டது; ஈலியம்-4 யுரேனியமும் தோரியமும் சிதைவதால் ஓயாது உண்டாவது. ஆதலால் ஈலியம்-4 இற்கு ஈலியம்-3 இன் விகிதம், மென்மூடிப் பொருள் மேலெழும் நடுச்சமுத்திர முகடுகளில் வளிமண்டல அளவின் ஏறத்தாழ 8 மடங்காகவும், பழைய புவியோட்டில் வளிமண்டல அளவின் ஐம்பதில் ஒரு பங்காகவும் இருக்கும். பனரேயாவில் அது 4 மடங்கைத் தாண்டியதால், மக்மாவின் பங்கு அதில் உண்டு என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது. அவ்வாண்டு டிசம்பர் 28 இல் அயலிலுள்ள ஸ்ட்ரோம்போலி எரிமலை சீறத் தொடங்கியது. இரண்டு நாளில் அதன் சரிவு கடலில் இடிந்து சுனாமியை எழுப்பியது. சமதானிகளைத் திணிவால் பிரித்து அளக்கும் திணிவு நிறமாலைமானியின் முன்னே நாங்கள் இரவும் பகலும் மாறிமாறி இருந்த காலம் அது.

சுழியோடிகள் குமிழிகளின்மேல் கவிழ்த்துப் பிடிக்கும் புனலிலிருந்து, இருபுறமும் திருகுபிடி கொண்ட கண்ணாடிக் குழாய்க்குள் வாயு ஏறும். ஈலியம் இறப்பரினூடும் கசிந்துவிடும் என்பதால், அதற்கென எடுக்கும் மாதிரியைச் செப்புக் குழாயில் நெரித்து மூடுவதுண்டு. வெளிக்காற்று புகுந்ததா என்பதை, காற்றிலுள்ள நியோன் காட்டிக்கொடுக்கும். மாதிரி கெட்டால் எந்தக் கருவியாலும் அதை மீட்க முடியாது. ஆகையால் விலையுயர்ந்த கருவியைவிட அந்தக் குழாயையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

சிசிலியின் தெற்கே அரகோனாவிலும் எட்னா எரிமலை அடிவாரத்துப் பட்டெர்னோவிலும் ஒரேவிதமாய்ச் சேறு குமிழியிடுகிறது. முன்னையதில் எழுவது மெதேன். பின்னையதில் எழுவது மக்மாவுக்குரிய ஈலியத்தைச் சுமந்த காபனீரொட்சைட்டு. முன்னையது எரியும் வாயு. பின்னையது தாழ்வான இடங்களில் தேங்கி மூச்சை அடைக்கும் வாயு. பக்கத்தில் வாழும் மக்களுக்கு இந்த வேறுபாடு உயிரோடு தொடர்புடையது.

எமது கல்லூரியில் இன்று இரசாயனவியல் படிக்கும் மாணவருள் இத்துறையில் நாட்டமுடையோர் சங்கத்தினூடாக எனக்கு எழுதலாம். சமதானி அளவீடு பற்றிய குறிப்புகளைத் தமிழிலேயே எழுதி அனுப்ப ஆயத்தமாக இருக்கிறேன்.