கற்பிட்டி: அலையை மறிக்கும் மணல்திட்டு, காற்றை மறிக்காத கரை

உள்ளங்கைத் தோல் உரிந்து கிடக்கிறது, முதுகு வெயிலில் வெந்துபோயிருக்கிறது. ஆனாலும் சூடு ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும். கைட்சர்ஃபிங் (கைட் என்கிற பெரிய பட்டம் காற்றில் இழுக்க, போர்டு என்கிற பலகைமேல் நின்று தண்ணீரில் சறுக்குவது) கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு இலங்கையின் கற்பிட்டிக்குப் போகலாம். எப்படிப் போவது, எவ்வளவு ஆகும் என்பதை வரிசையாகச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் முதலில் அந்த ஆட்டோவைப் பற்றிச் சொல்லாவிட்டால் மனசு ஆறாது.

கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து நீர்கொழும்பு போய், அங்கே புத்தளம் பஸ் பிடித்தேன். சிலாபம் வரைக்கும் நின்றுகொண்டே பயணம். புத்தளத்துக்குச் சற்று முன்னால் பாலாவி சந்தியில் கற்பிட்டி ரோடு பிரிகிறது. இறங்கி பையைக் கீழே வைக்கக்கூட இல்லை, ஓர் ஆட்டோக்காரர் வந்துவிட்டார். "தம்பி, இவ்வளவு பெரிய பையை பஸ்ஸில ஏத்த மாட்டாங்க. ஒன்பதாயிரம் தாங்க, ரூம் வாசல்லயே விட்டுடுறேன்." நான் நகராமல் நின்றேன். எட்டாயிரம் ஆனது, ஏழாயிரம் ஆனது. கொஞ்ச நேரத்தில் கற்பிட்டி பஸ் வந்தது. நடத்துனரே கைட் பையை வாங்கிக் கடைசி சீட்டின் ஓரமாகச் சாய்த்து வைத்தார். ஆட்டோக்காரர் கேட்டதில் ஒரு துளிதான் டிக்கெட். வெளியூர்க்காரன் என்று தெரிந்ததும் இப்படிப் பொய் சொல்லிப் பணம் பறிப்பது அநியாயம். பாலாவியில் பஸ்ஸுக்குக் காத்திருங்கள், அவ்வளவுதான்.

நுரைச்சோலை அனல்மின் நிலையப் புகைபோக்கி, மாம்புரிக் காற்றாலைகள் எல்லாம் அந்த ரோட்டில்தான் வருகின்றன. காற்றாலை வைக்கிற ஊரில் கைட்டுக்குக் காற்று இருக்குமா என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. மே முதல் அக்டோபர் தொடக்கம் வரை தென்மேற்குப் பருவக்காற்று இங்கே விடாமல் அடிக்கிறது. அதே பருவத்தில் கொழும்புப் பக்கம் மழை கொட்டும். புத்தளம் மாவட்டமோ வறண்ட பகுதி, அந்த மாதங்களில் மழை மிகக் குறைவு. மதியம் நிலம் சூடேறியதும் கடற்காற்றும் சேர்ந்துகொள்கிறது. காலையில் 15 நாட் (காற்று வேகத்தின் அளவு) அளவில் இருந்தது பிற்பகலில் 20, 25 என்று ஏறுகிறது. 15 நாட் 20 ஆனால் சின்ன வித்தியாசம்தானே என்று நினைக்கக் கூடாது. காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், அது கிட்டத்தட்ட 1.8 மடங்கு இழுவை. காலையில் 12 மீட்டர் (பரப்பளவு, சதுர மீட்டரில்) கைட்டோடு போன என் எடைக்காரர்கள் எல்லாம் மதியம் 9 மீட்டருக்கு மாறிவிட்டார்கள்.

இப்போது கரைக்கு வருகிறேன். அமைதியான வளைகுடா என்று விளம்பரம் பார்த்து எங்கெங்கோ போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அலையிலிருந்து பாதுகாப்பு வேறு, காற்றிலிருந்து பாதுகாப்பு வேறு. சுற்றிலும் குன்றும் தோப்பும் இருக்கிற வளைகுடாவில் தண்ணீர் அழகாக இருக்கும். ஆனால் காற்று அந்தத் தடைகளில் மோதி உடைந்து துண்டு துண்டாக வரும். ஒரு தடைக்குப் பின்னால் அதன் உயரத்தைப்போலப் பல மடங்கு தூரம் வரை இந்தக் குழப்பம் நீள்கிறது. கைட் ஒரு நொடி தொய்ந்து, அடுத்த நொடி ஆளைத் தூக்கி எறியும். கற்றுக்கொள்கிறவருக்கு அதைவிட ஆபத்தான இடம் கிடையாது.

கற்பிட்டிக் காயலில் கதையே வேறு. கடலுக்கும் காயலுக்கும் நடுவில் குறுகலான மணல்திட்டு, அவ்வளவுதான். அதன்மேல் நின்று பார்த்தேன். இடது பக்கம் கடல் வெள்ளை வெள்ளையாக நுரைத்துக்கொண்டு வருகிறது. வலது பக்கம், சில எட்டு தள்ளி, தண்ணீரில் விரல் அகலச் சிற்றலை மட்டும். திட்டு அலையை முழுசாக மறித்துவிடுகிறது. மரமோ மேடோ இல்லாததால் காற்று மட்டும் கடலில் அடித்த அதே சீரில் தாண்டி வருகிறது. பல இடங்களில் இடுப்பளவுதான் ஆழம். விழுந்தால் எழுந்து நின்று, லைனை, அதாவது கைட்டின் கயிற்றைச் சரிசெய்து, திரும்பப் புறப்படலாம். காற்று உள்நோக்கி அடிப்பதால் கட்டுப்பாடு போனாலும் நடுக்கடலுக்கு இழுத்துக்கொண்டு போகாது. போர்டில் நிமிர்ந்து நின்று முதல் முறையாகக் காயலின் மறுபக்கம் வரை போய்ச் சேர்ந்தபோது நான் கத்திய கத்தல் கரைவரை கேட்டதாம்!

குறையும் உண்டு. விடுமுறைக் கூட்டத்தில் காயல் நிரம்பிவிடுகிறது, மேலே லைன்கள் சிக்கிக்கொள்ளுமோ என்று பயமாக இருக்கிறது. காலை சீக்கிரம் போனால் இடம் தாராளம். மீனவர் வலை கட்டிய கம்புகளைவிட்டு விலகியே ஓட்டுங்கள், அது அவர்கள் பிழைப்பு.

செலவுதான் கடிக்கிறது. வகுப்புக் கட்டணத்தை டாலரிலோ யூரோவிலோதான் சொல்கிறார்கள். நம் ரூபாயில் பெருக்கிப் பார்த்தால் தலை சுற்றும். நான் அதை ஈடுகட்டியது சாப்பாட்டில். தங்கும் விடுதிகளின் பஃபே விலை நியாயமே இல்லை. ஊருக்குள் வந்தால் தமிழ் பேசுகிற முஸ்லிம் வீட்டுக் கடைகள் இருக்கின்றன. ஒரு கடையில் இடியப்பம், சொதி, தேங்காய்ச் சம்பல், கூடவே மிளகு தூக்கலாகக் கணவாய்க் கறி. மூன்று மணி நேரம் தண்ணீரில் கிடந்துவிட்டு வந்த பசிக்கு அது அமிர்தம். தட்டு காலியானதைப் பார்த்து அந்த அம்மா கேட்காமலே இன்னும் இடியப்பம் வைத்தார், "சாப்பிடுங்க வாப்பா" என்று.

டால்பின் பார்க்கவும் இதே பயணத்தில் திட்டம் போடாதீர்கள். அதற்கு நவம்பர் முதல் ஏப்ரல் வரைதான் கடல் அமைதியாக இருக்கும். ஜூலையில் வெளிக்கடல் கொந்தளிக்கிறது. டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை கைட்டுக்கு வடகிழக்குக் காற்று வருகிறது, ஆனால் தென்மேற்குக் காற்றின் பலம் அதற்கு இல்லை. அப்போது போகிறவர்கள் பெரிய கைட்டாக வாடகைக்குக் கேளுங்கள். கைட்டுக்குக் காற்றடிக்கும் பம்ப், கையில் பிடிக்கும் பார், இடுப்பில் கட்டும் ஹார்னஸ் எல்லாம் வாடகையில் சேர்ந்ததா என்பதைத் தண்ணீரில் இறங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள், சில இடங்களில் ஹார்னஸுக்குத் தனியாக வாங்குகிறார்கள்.