இருவருக்கும் எட்ட வேண்டிய கனிவு

குடும்ப ஆலோசனைக்குத் தனியாக வருபவரிடம் இதமாகப் பேசி, பொறுமையாகக் கேட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். தம்பதியாக வந்து உட்காரும்போது கணக்கு மாறுகிறது. அழுகிற மனைவியிடம் ஆலோசகர் காட்டும் பரிவை, கை கட்டி உட்கார்ந்திருக்கும் கணவர் தனக்கு எதிரான தீர்ப்பாக எடுத்துக்கொள்வார். அடுத்த வாரம் வர மாட்டார்.

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இந்தச் சிக்கல் கூடுதல். இங்கே வருவதற்குள் இரு வீட்டுப் பெரியவர்களும் ஒரு சுற்றுப் பஞ்சாயத்துப் பேசியிருப்பார்கள். சொந்தத்தில் கட்டிய கல்யாணமென்றால் தாய்மாமனே மாமனாராகவும் இருப்பார். அதனால் ‘இவர் யார் பக்கம்?’ என்றுதான் இருவரும் நம்மை முதலில் எடை போடுவார்கள். மனைவியை ‘அம்மா’ என்றும் கணவரை ‘சார்’ என்றும் கூப்பிட்டால் அவர் அப்போதே வெளியாள் ஆகிவிடுவார். ‘சொல்லுங்கம்மா’, ‘சொல்லுங்க தம்பி’ என்று ஒரே நெருக்கத்தில் வரட்டும். ஓசூரில் ராத்திரி ஷிப்ட் முடித்து நேராக வந்தவரிடம் ‘சாப்பிட்டீங்களா?’ என்று முதலில் கேட்பது அவருக்கு வாய் திறக்க உதவும்.

முதல் சந்திப்பு ஒரு மணி நேரம் என்றால் 20 நிமிடம் இருவரையும் சேர்த்து உட்கார வைத்து, ஆளுக்கு 15 நிமிடம் தனியாக, மீதி மறுபடி சேர்த்து. தனியே சொன்னதில் எது வெளியே வரும், எது வராது என்பதை, அவர்களைத் தனித்தனியே உட்கார வைப்பதற்கு முன்பே இருவரிடமும் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் ஒருவர் ரகசியத்தைச் சுமந்துகொண்டு மற்றவர் முன் நடிக்க நேரும். அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1957இல் ஆலோசகரிடம் பரிவுணர்வு, நிபந்தனையற்ற மதிப்பு ஆகியவற்றோடு உண்மையாக இருப்பதையும் ஏன் கேட்டார் என்பது அப்போது புரியும்.

ஏளனம் தொடங்கினால் உடனே கை காட்டி நிறுத்துங்கள். இதமாகத் தலையசைத்துக்கொண்டே இருந்தால், ஏச்சு வாங்குகிறவர் நம்மையும் எதிர்த்தரப்பில் சேர்த்துவிடுவார். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 100ஐத் தாண்டினால் எதிரே பேசுவது மண்டையில் ஏறாது என்கிறார் தம்பதி உறவுகளை ஆராய்ந்த உளவியலாளர் ஜான் காட்மன். குறைந்தது 20 நிமிட இடைவேளை தேவை. ஒருவர் அறையில், ஒருவர் வராந்தாவில். இருவரிடமும் போய் இரண்டு வார்த்தை பேசுங்கள். ஒருவரிடம் மட்டும் போகாதீர்கள். கடைசிப் பத்து நிமிடத்தில் புது விஷயம் எதையும் கிளறவும் வேண்டாம்; இருவரும் ஒரே வண்டியில்தான் பாலக்கோட்டுக்குத் திரும்ப வேண்டும்.

அடி, மிரட்டல் உண்டா என்பதைத் தனிச் சந்திப்பில்தான் கேட்க வேண்டும். உண்டென்றால் சேர்த்து உட்கார வைக்கக் கூடாது. நம் கனிவை நம்பி அந்தப் பெண் மனம் திறந்து சொன்னதற்கு வீட்டில் அடி விழும். 181 என்ற பெண்கள் உதவி எண்ணையும், 2005 குடும்ப வன்முறைச் சட்டப்படி மாவட்டத்தில் இருக்கும் பாதுகாப்பு அலுவலரை எப்படிப் பார்ப்பது என்பதையும் தனியாகச் சொல்லுங்கள். எழுதிக் கொடுக்கும் முன், அந்தத் தாள் வீட்டில் யார் கண்ணில் படும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.