கல்லறை இல்லாத பையனைத் தேடி வந்த அம்மா

திருகோணமலைக்குப் பக்கத்தில் உப்புவெளியில் ஒரு விடுதியில் வேலை. வாகனம் பிடித்துக் கொடுப்பது, ஊர் காட்டுவது எல்லாம் என் பொறுப்பு. நிலாவெளி வீதியில் இருக்கும் இரண்டாம் உலகப் போர்க் கல்லறைத் தோட்டத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் இரண்டு படம் எடுத்துவிட்டுக் கடற்கரைக்குப் போய்விடுவார்கள். ஒரு பெயரோடு வருகிறவர்கள்தான் என் மனதில் நிற்பவர்கள்.

அப்படி வந்தவர் இங்கிலாந்துக்கார அம்மா ஒருவர். அவருடைய தாய்மாமன் பிரித்தானியக் கடற்படையின் விமானப் பிரிவில் இருந்தவர், அவெஞ்சர் விமானத்தில் வானொலியையும் பின்பக்கத் துப்பாக்கியையும் பார்த்துக்கொண்ட பையன். பையன் என்றுதான் சொல்ல வேண்டும், படத்தில் மீசை கூட ஒழுங்காக முளைக்கவில்லை. 1945 ஜனவரியில், அப்போது ஜப்பான் கையில் இருந்த சுமாத்திராவின் பலெம்பாங் எண்ணெய் ஆலைகளைத் தாக்கப் போய்த் திரும்பவில்லை. எங்கிருந்து எழுதுகிறோம் என்று கடிதத்தில் சொல்ல அவர்களுக்கு அனுமதி இல்லை. போர் முடிந்தபிறகு நண்பன் ஒருவன் சொல்லித்தான் திருகோணமலை என்று வீட்டுக்குத் தெரிந்திருக்கிறது. அதிலிருந்து, தம்பியின் கல்லறை இங்கேதான் இருக்கும் என்று அந்த அம்மாவின் தாய் சாகும்வரை நம்பியிருக்கிறார்.

"தம்பி, ஏதாவது ஒரு கல்லைக் காட்டு, பாவம் மனம் ஆறிப் போகட்டும்" என்றார் கூட வேலை செய்யும் அண்ணன். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் என்னால் முடியாது. அந்தக் கல்லில் இருப்பதும் யாரோ ஒருவர் பெற்ற பிள்ளையின் பெயர்.

உள்ளதைச் சொன்னேன். கல்லறை கிடைக்காத கடற்படை விமானிகளின் பெயர்கள் இங்கிலாந்தில் லீ-ஆன்-த-சொலன்ட் கடற்கரை நினைவுச் சின்னத்தில் இருக்கின்றன, கிட்டத்தட்ட இரண்டாயிரம் பேர். அப்புறம் அவரை உவர்மலைக்குக் கூட்டிப்போனேன், அங்கிருந்து உள்துறைமுகம் தெரியும். இலஸ்ட்ரியஸ், விக்டோரியஸ், இண்டாமிட்டபிள், இண்டிஃபாட்டிகபிள் என்ற நான்கு விமானம் தாங்கிக் கப்பல்களும் 1945 ஜனவரி 16 அன்று இங்கிருந்துதான் புறப்பட்டன. 24ஆம் தேதி ஒரு தாக்குதல், 29ஆம் தேதி இன்னொன்று. எண்ணெய் கூட நடுக்கடலிலேயே நிரப்பிக்கொண்டார்கள், வேலை முடிந்ததும் அப்படியே ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார்கள். ஆகவே அவருடைய மாமா கடைசியாக நடந்த நிலம் இதுதான். இதைச் சொன்னதும் அந்த அம்மா அழுதார், பிறகு துறைமுகத்தைச் சுற்றி ஒவ்வொரு இடமாகக் கேட்டார்: சீனக்குடா விமானத்தளம் எந்தப் பக்கம், 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பான்காரர்கள் குண்டு போட்டது எங்கே, கப்பல்கள் வெளியேறும் வாய் எது. எனக்குத் தெரிந்ததையெல்லாம் காட்டினேன்.

காணவில்லை என்றுதான் வீட்டுக்கு முதலில் தந்தி வந்ததாம். அவருடைய பாட்டி பல மாதம் வாசல் கதவைப் பூட்டவே விடவில்லையாம். என் பெரியம்மா வீட்டில் ஒரு படம் மாட்டியிருக்கிறது, இன்றுவரை மாலை போடவில்லை, போட விடவும் மாட்டார். இந்த ஊரில் அப்படி எத்தனை வீடு! எண்பது வருடத்துக்கு முந்தைய வெள்ளைக்காரப் பையனுக்காக நீ ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறாய் என்று கேட்பவர்களுக்கு நான் பெரியம்மாவைத்தான் சொல்வேன்.

இப்போது யாராவது ஒரு பெயரை எழுதி விசாரித்தால், கப்பல், தேதி எல்லாம் கேட்டு வாங்கி, இந்தக் கல்லறைகளைப் பராமரிக்கும் பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பதிவேட்டில் பார்த்துவிட்டு, கல் இருக்கிறதா இல்லையா என்று பயணச்சீட்டு எடுக்கும் முன்பே சொல்லிவிடுகிறேன். இல்லை என்று தெரிந்தும் வருகிறார்கள்.