நிலம் ஆணா, பெண்ணா?

காலையில் செடிக்குத் தொட்டி மாற்றியபோது நகக்கண்ணில் ஏறிய மண் இன்னும் போகவில்லை. மூன்று முறை சோப்புப் போட்டாயிற்று.

தொட்டியைக் கவிழ்த்தால், வேர்கள் அதன் வடிவத்திலேயே சுருண்டு மண்ணை இறுகப் பிடித்திருந்தன. பிரிக்கவே மனம் வரவில்லை.

நியூசிலாந்து மாவோரிகளின் கதை நினைவுக்கு வந்தது. வானத் தந்தை ரங்கியும் பூமித் தாய் பாப்பாவும் இப்படித்தான் தழுவிக் கிடந்தார்களாம். இடையில் இருட்டில் நசுங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள். அவர்களில் காட்டின் தெய்வமான டானே, மல்லாந்து படுத்துக் கால்களால் உந்தி அப்பாவை மேலே தள்ளிவிட்டான்.

மழை அவருடைய கண்ணீர். நிலத்திலிருந்து எழும் மூடுபனி அவளுடைய பெருமூச்சு.

மண் என்றாலே தாய்தான் என்று நாமாக முடிவுகட்டிவிடுகிறோம். கிரேக்கர்களுக்குக் கையா, தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலை மக்களுக்குப் பாச்சமாமா, இருவருமே பூமித் தாய்கள், சரி. பழைய எகிப்தியர்களோ திருப்பிப் போட்டுவிட்டார்கள். அங்கே நிலம் கெப் என்ற ஆண். அவன்மேல் வில்லாக வளைந்து நிற்கும் வானம் நூத் என்ற பெண்.

நைல் வெள்ளத்தை நம்பிப் பயிர் செய்தவர்கள் மழைக்காக வானத்தை அப்பாவாக்க வேண்டியிருக்கவில்லை போலும். இது என் ஊகம், அவ்வளவுதான்.

செடி புதுத் தொட்டியில் கொஞ்சம் வாடித்தான் நிற்கிறது.