சீனித் தண்ணீரைத் தேனீ எப்போது வேண்டாம் என்கிறது

ரப்பர் துளிர்க்கும் காலத்தில் தேனீப் பெட்டிப் பக்கம் ஒரு சிரட்டையில் சீனித் தண்ணீர் வைத்தால் ஒரு தேனீகூட எட்டிப் பார்க்காது. அதே சிரட்டையை ஆடி மாதம், மழை கொஞ்சம் விட்ட மத்தியானம் வைத்தால் அடுத்த பெட்டிக் கூட்டமெல்லாம் வந்து சண்டை போடும். அதனால்தான் மழைக்காலத் தீனியைப் பெட்டிக்கு உள்ளேயே வைக்கிறோம். கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம், அருமனை பக்கம் பெட்டி வைத்திருக்கிற எல்லாருக்கும் இது தெரியும். சீனியும் அதே சீனி, தண்ணீரும் அதே தண்ணீர். பிறகு எது மாறுகிறது?

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். எங்கள் தேனில் பெரும்பங்கு பூவிலிருந்து வருவதில்லை. ரப்பர் இலை உதிர்ந்து புதுத் துளிர் விடும்போது, மூன்று இலைகள் சேரும் காம்பு நுனியில் மது சுரக்கும். பிப்ரவரி, மார்ச்சில் தோட்டத்துக்குள் நின்றால் தலைக்கு மேலே இரைச்சல் கேட்கும். அந்த நேரத்தில் தேனீக்கு நம் சீனி எதற்கு?

என் மகள் விலங்கியல் படிக்கிறாள். போன மழைக்காலத்தில் ஒரு தேனீயைச் சின்னக் குப்பியில் பிடித்து, கொஞ்ச நேரம் பிரிட்ஜில் வைத்து மரத்துப்போக வைத்தாள். பிறகு வெட்டிய ஸ்ட்ரா துண்டுக்குள் நுழைத்து, தலை மட்டும் வெளியே தெரிய, கழுத்துக்குப் பின்னால் டேப் ஒட்டினாள். அது தெளிந்ததும் பல்குச்சியைச் சீனித் தண்ணீரில் முக்கி ஒரு உணர்கொம்பை லேசாகத் தொட்டாள். வாயைத் தொடவே இல்லை. தாடைக்கு அடியில் மடங்கிக் கிடந்த பழுப்பு நிறக் குழல் சட்டென்று விரிந்து நீண்டது. அதன் நுனியில் மயிர் அடர்ந்த நாக்கு உள்ளே வெளியே என்று துடித்தது. இத்தனை வருடம் பெட்டி திறந்தும் நான் இதை இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை.

"இதுக்கு ருசி கொம்புலயா மக்களே இருக்கு?"

"கொம்புலயும் உண்டு, முன்னங்காலுலயும் உண்டுப்பா. இனி பாருங்க."

வயிறு நிறையக் குடிக்கவிட்டாள். பிறகு அதே குச்சி, அதே கொம்பு. நாக்கு வரவில்லை. கொம்பு மட்டும் ஒதுங்கிக்கொண்டது.

அன்றிலிருந்து இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்கிறேன். தேனீயின் நடனத்தைப் படித்து 1973இல் நோபல் பரிசு வாங்கிய கார்ல் வான் ஃப்ரிஷ், அதற்கு வெகுகாலம் முன்பே நம் சிரட்டை விஷயத்தைக் கவனித்திருக்கிறார். வெளியே மது நிறையக் கிடைக்கும்போது தேனீ இளக்கமான சீனித் தண்ணீரை ஏற்காது. பஞ்சத்தில் அதையே சுமந்து போகும். சுவை உறுப்பு சொல்வது "இவ்வளவு இனிப்பு" என்ற சேதிதான். குடிக்கலாமா என்று முடிவெடுக்கும் மூளை, வயிற்றின் கணக்கையும் கூட்டின் கணக்கையும் அதோடு சேர்த்துப் பார்க்கிறது.

தேனீயின் மூளையில் சுமார் பத்து லட்சம் நரம்பணுக்கள்தான். உணர்கொம்பு, நாக்கு இவற்றின் சுவைச் சேதியில் பெரும்பகுதி உணவுக்குழலுக்குக் கீழே உள்ள பகுதிக்குப் போகிறது. 1993இல் மார்ட்டின் ஹாமர் என்ற ஜெர்மன் ஆய்வாளர் அங்கே ஒரே ஒரு நரம்பணுவை அடையாளம் கண்டார். சீனி பட்டால் அது துடிக்கும். அவர் தேனீக்கு ஒரு வாசனையைக் காட்டி, சீனி கொடுக்காமல் அந்த ஒரு அணுவை மட்டும் மின்சாரத்தால் தூண்டினார். அப்புறம் அந்த வாசனை வந்தாலே நாக்கை நீட்டும் தசை வேலை செய்தது. ஒரு துளி இனிப்பும் வாய்க்குப் போகாமலே "இது நல்லது" என்று மூளை எழுதிவைத்துக்கொண்டது. இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஒரே கூட்டிலும் எல்லாத் தேனீக்கும் நாக்கு ஒன்றல்ல. தண்ணீர் சுமந்து வருகிறவை மிக இளக்கமான சீனிக்கும் நாக்கை நீட்டும். மகரந்தம் கொண்டுவருகிறவை அதற்கு அடுத்தபடி. மது கொண்டுவருகிறவைக்கோ நல்ல கெட்டியாக இருந்தால்தான் பிடிக்கும். வேலைக்கே போகாத இளம் தேனீயின் நாக்கைச் சோதித்தே, அது பின்னாளில் எதைச் சுமக்கும் என்று ஓரளவு முன்கூட்டிச் சொல்லலாம் என்று பேங்க்கிவ், பேஜ் என்ற ஆய்வாளர்கள் 2000இல் காட்டினார்கள்.

சரி, எப்போது நிறுத்துவது? அதற்கு வேறு கம்பி இருக்கிறது. 1960களில் வின்சென்ட் டெதியர் என்பவரும் அவருடைய மாணவரும், முன்குடலிலிருந்து மூளைக்குப் போகும் ஒரு மெல்லிய நரம்பை ஒரு வகை ஈயில் வெட்டிப் பார்த்தார்கள். ஈ நிறுத்தவே இல்லை. வயிறு பலூன் மாதிரி ஊதியும் குடித்துக்கொண்டே இருந்தது. நாக்கு சரியாகத்தான் இருக்கிறது, இனிப்பும் தெரிகிறது. போதும் என்ற சேதி மட்டும் போய்ச் சேரவில்லை.

நம் உடம்பில் சுவை நரம்புகள் முதலில் போய்ச் சேருவது மூளையின் அடியில் இருக்கும் முகுளத்துக்கு. வயிற்றின் சேதியும் அங்கேதான் வருகிறது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ ஆய்வாளர்கள் 2023இல் சுண்டெலிகளில் ஒன்றைக் கண்டார்கள். வாயில் சுவை பட்ட சில நொடிகளிலேயே முகுளத்தின் ஒரு கூட்டம் அணுக்கள், தின்னும் வேகத்தை மட்டுப்படுத்துகின்றன. குடலின் சேதியைக் கேட்கும் இன்னொரு கூட்டம் நிதானமாகப் பல நிமிடங்களுக்குப் பிறகு கணக்கை முடிக்கிறது. ருசி தின்னத் தூண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். கடிவாளமும் அதன் கையில் இருக்கிறது.

எங்கள் அம்மாவுக்குச் சுகர். சாயாவில் சீனிக்குப் பதில் இனிப்பு மாத்திரை போடுகிறோம். "இனிக்கத்தான் செய்யுது, ஆனா சாயா குடிச்ச மாதிரி இல்ல" என்று தினமும் சொல்வார். வயசானவங்க பிடிவாதம் என்று வீட்டில் யாரும் அதைத் தள்ளிவிடக் கூடாது என்று இப்போது நான் உறுதியாக நிற்கிறேன். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சார்லஸ் சூக்கர் குழுவினர் 2020இல் வெளியிட்ட ஆய்வில், சுண்டெலிகளுக்குச் சீனித் தண்ணீரும் செயற்கை இனிப்புத் தண்ணீரும் பக்கம் பக்கமாக வைத்தார்கள். முதலில் இரண்டையும் ஒன்றுபோல் குடித்தன. இரண்டு நாளில் கிட்டத்தட்ட எல்லாம் சீனிப் பக்கம் போய்விட்டன. இனிப்பை உணரவே முடியாத எலிகளும் சீனியைக் கண்டுகொண்டன. சீனி குடலைத் தொட்டதும், குடலையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பு வழியாக ஒரு சேதி முகுளத்துக்குப் போகிறது. செயற்கை இனிப்பு அந்த மணியை அடிப்பதில்லை. எலி வேறு, எங்கள் அம்மா வேறு. ஆனாலும் அவர் சொல்லும் குறைக்கு உடம்பில் ஒரு காரணம் இருக்கக்கூடும். மாத்திரையை நிறுத்தப் போவதில்லை. இப்போது சாயாவோடு ஒரு கைப்பிடி அவித்த பயறு கொடுக்கிறோம், முறைப்பு கொஞ்சம் குறைந்திருக்கிறது.

இவ்வளவு நுட்பமான காவல் இருந்தும் தேனீக்கு ஒரு இடத்தில் வாசல் திறந்து கிடக்கிறது. அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். இமிடாகுளோப்ரிட், தயாமீதாக்சம் என்ற பூச்சிமருந்துகள் நம் வாழைக்கும் காய்கறிக்கும் சாதாரணமாக அடிக்கப்படுகின்றன. நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் இவற்றைச் சீனித் தண்ணீரில் கலந்து மேற்கத்தியத் தேனீக்கும் ஒரு வகை வண்டுத்தேனீக்கும் வைத்தார்கள். நாக்கின் சுவை நரம்புகளுக்கு மருந்து தெரியவே இல்லை. விலகவில்லை; கலந்ததையே அதிகம் குடித்தன. நம் பெட்டித் தேனீயை வைத்துச் செய்த சோதனை அல்ல அது, ஆனால் நம்முடையதற்கு மட்டும் நாக்கு காப்பாற்றும் என்று நம்பி இருக்க எனக்கு மனம் வரவில்லை.

மருந்து செடிக்குள் ஏறி மதுவிலும் மகரந்தத்திலும் வரும் என்பதால், சாயங்காலம் அடித்தால் போதும் என்ற பேச்சு இந்த மருந்துகளுக்குப் பொருந்தாது. பாவல், புடலைப் பந்தல் போட்டிருப்பவர்கள் பூ விட்ட பிறகு இந்த இரண்டையும் தொடாதீர்கள். வேறு மருந்து அடிக்கத்தான் வேண்டும் என்றால் முந்தின நாளே பக்கத்தில் பெட்டி வைத்திருப்பவரிடம் சொல்லுங்கள். ராத்திரி தேனீ அடங்கியதும் வாசலை அடைத்துப் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவோம்.