எம்.எஸ்சி. புராஜெக்டுக்கு ஒரு குவேசார்

பாளையங்கோட்டையில் படித்துக்கொண்டு எக்ஸ்-கதிர் வானியலில் புராஜெக்ட் செய்ய முடியுமா என்று ஜூனியர்கள் கேட்கிறார்கள். தாராளமாக முடியும். எக்ஸ்-கதிர் காற்று மண்டலத்தைத் தாண்டி இறங்காது; எந்த ஊர்க்காரருக்கும் விண்கலத் தரவுதான் கதி. 1999-ல் ஏவிய சந்திரா என்ற எக்ஸ்-கதிர் விண்தொலைநோக்கியின் தரவு, நேரம் கேட்டு வாங்கியவரின் தனியுரிமைக் காலம் முடிந்ததும் எல்லாருக்கும் இலவசம்.

நான் எடுத்தது எம்ஆர் 2251-178 என்ற குவேசார், அதாவது ராட்சதக் கருந்துளை வாயுவை விழுங்குவதால் சுடர்விடும் ஒரு விண்மீன்மண்டல மையம். அயனியான (எலக்ட்ரான்களை இழந்த) வாயு குவேசாரின் எக்ஸ்-கதிரை வழிமறித்து விழுங்குகிறது என்று 1984-ல் வானியலாளர் ஹால்பெர்ன் சொன்னது இதை வைத்துத்தான்.

மூலத் தரவு முழுவதையும் இறக்க வேண்டாம். சந்திராவின் கீற்றணி நிறமாலைகளை, அதாவது எக்ஸ்-கதிரை அலைநீளவாரியாகப் பிரித்த பதிவுகளை, சுத்தம் செய்து டிஜிகேட் என்ற தொகுப்பில் வைத்திருக்கிறார்கள். அம்பாசமுத்திரத்தில் எங்கள் மொட்டைமாடி சிக்னலுக்கே அது வந்துவிட்டது. வாயுவில் உள்ள ஒவ்வொரு தனிமமும் தனக்கென்று உள்ள அலைநீளங்களில் விழுங்கி நிறமாலையில் பள்ளம் போடும்; அதைத்தான் கோடு என்கிறோம். ஆக்சிஜன் கோட்டில் தொடங்காதீர்கள்: கேமரா வடிகட்டியில் வருஷக்கணக்காகப் படிந்த அழுக்கு, நீள அலைப்பக்கத்தை மங்கடிக்கிறது. நியான் நல்லது. ஒன்பது எலக்ட்ரானை இழந்து ஒன்றை மட்டும் வைத்திருக்கும் நியான் 12.13 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்தில் விழுங்கும் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு). இந்தக் குவேசாரின் செம்பெயர்ச்சி (பிரபஞ்சம் விரிவதால் அலைநீளம் நீளும் விகிதம்) 0.064, ஆக 12.91-ல் பள்ளம் தெரிய வேண்டும். அது அந்த இடத்துக்குத் துளி இடப்பக்கம் (குறைந்த அலைநீளத்தில்) விழுந்தால் வாயு நம்மை நோக்கி வீசுகிறது என்று பொருள். வினாடிக்கு 500 கிலோமீட்டர் வேகத்துக்கு நகர்வு 0.02 ஆங்ஸ்ட்ராம்தான், கருவியின் பிரிதிறனும் ஏறக்குறைய அவ்வளவே. ஒரே கோட்டை நம்பி வேகம் எழுதிவிடாதீர்கள். மக்னீசியம், சிலிக்கான் கோடுகளும் அதே வேகத்தைச் சொல்ல வேண்டும்.

எக்ஸ்-ஸ்பெக் என்ற மென்பொருளில் மாதிரியைத் தரவோடு ஃபிட் செய்யும்போது, பொருத்தத்தை அளக்க கை-ஸ்கொயர் வேண்டாம், குறைந்த எண்ணிக்கைக்கு ஏற்ற சி-ஸ்டாட் போடுங்கள். ஒவ்வொரு அலைநீளக் கட்டத்திலும் விழும் ஃபோட்டான்கள் அவ்வளவு குறைவு. வாயு மாதிரிக்கு வேண்டிய அட்டவணையை எக்ஸ்-ஸ்டார் என்ற நிரலில் நாமே தயாரிக்கலாம். ராத்திரி பூரா ஓடும்.

"ஏல, இந்தப் பெட்டி எதுக்குல விடிய விடிய ஓடுது?" என்றாள் ஆச்சி.

"குவேசாரச் சுத்தி இருக்க வாயுவக் கணக்கு போடுது, ஆச்சி."

"கரண்டு பில்ல அவனா கெட்டுவான்?"

இன்னொரு வாயு அடுக்கைச் சேர்த்தால் ஃபிட் கொஞ்சம் அழகாகத்தான் ஆகும். அதற்காக அடுக்கிக்கொண்டே போகாதீர்கள். கைடு அதைத்தான் முதலில் பிடிப்பார்.

வைவாவில் கேட்ட கேள்வி: "அந்த வாயு மையத்திலிருந்து எவ்வளவு தூரம்?" ஃபிட்டில் கிடைப்பது அயனியாக்க அளவு, அதாவது ஒளிர்வை அடர்த்தியாலும் தூரத்தின் வர்க்கத்தாலும் வகுத்தது. அடர்த்தி தெரியாமல் தூரத்தைப் பிரிக்க முடியாது. வாயுப் படலத்தின் தடிமன் தூரத்தைவிடக் குறைவு என்று வைத்துக்கொண்டால் மேல்வரம்பு மட்டும் கிடைக்கும், அதைத்தான் சொன்னேன். குவேசார் மங்கியபின் வாயு எவ்வளவு சீக்கிரம் எலக்ட்ரானைத் திரும்பப் பிடிக்கிறது என்று பார்த்தால் அடர்த்தி வரும். அதற்கு வெவ்வேறு காலத்துத் தரவு வேண்டும். அதுவும் டிஜிகேட்டில் இருக்கிறது, யாராவது எடுத்துச் செய்யுங்கள்.