லேபிள் வேண்டாம் எண்ட பிறகுதான் அலைச்சலே தொடங்கிச்சு

பாட்டை வேண்டாம் எண்டதில எனக்குப் பெரிய கவலை இல்லை. சென்னைக்கு அனுப்பின டெமோக்களுக்குப் பதிலே வராது, பழகிப்போச்சு. ஆனா கொழும்பில இருக்கிற இந்த லேபிள், பாட்டு வெளியிடுற கம்பனி, முதல்ல ஓம் எண்டுதான் சொன்னது. வாயால.

"மாஸ்டரை அனுப்புங்கோ தம்பி, ரிலீசுக்கு ஏத்தி வைப்பம். அக்ரிமென்ட் பிறகு பாப்பம்."

மாஸ்டர் எண்டா முடிச்ச பாட்டின்ர கடைசி ஃபைல், 24 பிட் வேவில அனுப்பினன். ஸ்டெம்சும் (குரல், வாத்தியம் எண்டு தனித்தனி ஃபைல்) கேட்டினம். கையெழுத்துக்கு முதல் தரேலாது எண்டிட்டன். நல்ல காலம்.

பிறகு மாதக்கணக்கில "லைன்ல இருக்கு" தான். வெள்ளவத்தையில 100ஆம் நம்பர் பஸ் ஏறி, காலி வீதி நெரிசலுக்குள்ள கொள்ளுப்பிட்டிக்குப் போனா, "சேர் மீட்டிங்கில." கடைசியா வாட்ஸப்பில ஒரு வரி: மார்க்கெட்டுக்குச் சரிவராது, மனசில வைக்காதீங்கோ. (அவையின்ர மார்க்கெட் எண்டா கலியாண மண்டபத்தில போடுற குத்துப்பாட்டு.) அந்த மெசேஜை அழிக்காம வைச்சிருந்தன். நீங்களும் அழிச்சுப்போடாதேங்கோ, விளங்கும்.

சரி, நானே விடுவம் எண்டு, பாட்டை இணையத் தளங்களுக்கு அனுப்பிற டிஸ்ட்ரிபியூட்டர் ஒண்டில ஏத்தினன். ஐஎஸ்ஆர்சி எண்ட பாட்டின்ர அடையாள நம்பர், கவர் படம் எல்லாம் ஒரு பின்னேர வேலை. வீடியோவை யூடியூப்பில போட்டதுதான் தாமதம், கன்டென்ட் ஐடி கிளெய்ம்! (ஏற்கனவே ஏத்தி வைச்ச பாட்டோட பொருந்துற வீடியோவை யூடியூப் தானாப் பிடிக்கிற முறை.) என்ர பாட்டுக்கு உரிமை கேக்கிறது அதே கம்பனி. ரிலீசை நிப்பாட்டினவை, ஏத்தி வைச்ச மாஸ்டரை எடுக்கேல்லை. பாடின தங்கச்சி வேற, "அண்ணா, பாட்டை அவைக்கு வித்துப்போட்டீங்களோ?" எண்டு அழாக்குறையாக் கேக்கிறா.

ஒஃபிசில போய்க் கேட்டா, "அது சிஸ்டம் தம்பி, எங்கட கையில இல்லை." யார் ஏத்தினது, சிஸ்டமோ?

கிளெய்மை எதிர்த்து டிஸ்பியூட் போடப் பயப்பிடாதேங்கோ. கிளெய்ம் வேற, சனலுக்கு எதிரா விழுற எச்சரிக்கையான ஸ்ட்ரைக் வேற. டிஸ்பியூட்டுக்குப் பிறகோ, அப்பீலுக்குப் பிறகோ, அவை வீடியோவைத் தூக்கச் சொல்லி யூடியூப் அதை ஏத்தாத்தான் ஸ்ட்ரைக் வரும். சனலுக்கு விளம்பரக் காசு வருதெண்டா 5 நாளுக்குள்ள போட்டிடுங்கோ. அப்பதான் கிளெய்ம் வந்த நாளிலயிருந்தே யூடியூப் காசைப் பிடிச்சு வைக்கும். நான் எழுதினது சுருக்கமா: ஒப்பந்தம் இல்லை, கையெழுத்து இல்லை, வேண்டாம் எண்டு எழுத்திலயே சொல்லியிருக்கினம். எங்கட 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி உரிமையைக் கைமாத்திறதெண்டா எழுத்தில, இரண்டு பக்கமும் கையெழுத்து வைச்சிருக்க வேணும். வாய்ப்பேச்சு செல்லாது.

பதில் சொல்ல அவைக்கு 30 நாள். வாயே திறக்கேல்லை, கிளெய்ம் தானாக் காலாவதியாப் போச்சு. ஆனா அது அந்த ஒரு வீடியோவுக்குத்தான். மாஸ்டர் உள்ள கிடக்கிற வரைக்கும் ஆர் அந்தப் பாட்டைப் போட்டாலும் திரும்பக் கிளெய்ம் வரும். கம்பனியைக் கெஞ்சிறதை விட்டிட்டு, கிளெய்மில பேர் இருந்த அவையின்ர டிஸ்ட்ரிபியூட்டருக்கே மெயில் போட்டன், வாட்ஸப் ஸ்கிரீன்ஷொட்டோட. அவை எடுத்துவிட்டினம்.

அண்டைக்குப் பின்னேரமே கம்பனியில இருந்து கோல். அத்தனை நாளும் மீட்டிங்கில இருந்த அதே சேர்.

"எங்களிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே தம்பி."